நடை பழகும் குழந்தையோடு ஒரு தீவு: அந்தமானா, மாலத்தீவா, இலங்கையா, லங்காவியா?

சித்தப்பா மகன் போன வாரம் போன் செய்தான். "அக்கா, பையனுக்கு இருபது மாசம் ஆகுது. ரெண்டு வயசு முடியறதுக்குள்ள ஒரு தீவுக்குப் போயிட்டு வந்துடலாம்னு பார்க்கிறோம். மாமியாரும் வர்றாங்க. கடலைப் பார்த்துக்கிட்டு நாலு நாள் சும்மா உட்காரணும், அவ்வளவுதான். எங்க போகலாம்?"

இந்தக் கேள்வி எனக்கு இது ஐந்தாவது தடவை. மகளை ஒன்றரை வயதில் அந்தமானுக்கும், இரண்டேகால் வயதில் மாலத்தீவுக்கும், மூன்று ஆவதற்குச் சற்று முன்பு இலங்கைக்கும் தூக்கிக்கொண்டு போனவள் என்று சொந்தத்தில் பெயராகிவிட்டது. மலேசியாவில் உள்ள லங்காவிக்குப் போனது குழந்தை பிறப்பதற்கு முன்பு. அதனால் அந்தப் பகுதியைக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் எழுதுகிறேன்.

"ரெண்டு வயசு முடியறதுக்குள்ள" என்று அவன் சொன்னதற்குக் காரணம் டிக்கெட். இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு விமானத்தில் தனி இருக்கை கிடையாது. மடியில் வைத்துக்கொண்டால் சிறு தொகையோடு முடிந்துவிடும். போகும்போது ஒன்றே முக்கால், திரும்பும்போது இரண்டு என்றால் திரும்பும் பயணத்துக்கு முழு இருக்கை வாங்க வேண்டும். பிறந்தநாளைத் தீவிலேயே கொண்டாடலாம் என்று திட்டமிடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. உள்நாட்டுப் பயணம் என்றாலும் பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். வெளிநாடு என்றால் பால்குடிக் குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட்தான்.

## எதை வைத்து அளப்பது

தீவு எவ்வளவு அழகு என்பதை நான் அளவுகோலில் சேர்க்கவே இல்லை. நான்கும் அழகுதான். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அந்தமானின் ராதாநகர் கடற்கரையும் பெசன்ட் நகர் கடற்கரையும் ஒன்று. மணல் இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா, அவ்வளவுதான் அதன் கேள்வி.

நான் முதலில் எண்ணுவது வீட்டு வாசலிலிருந்து மணல் வரைக்கும் எத்தனை தடவை வண்டி மாறுகிறோம் என்பதை. ஒவ்வொரு மாற்றத்திலும் தூங்குகிற குழந்தையைத் தூக்க வேண்டும், பெட்டியை எண்ண வேண்டும், ஒரு கையில் பால் பாட்டில் இருக்கும். மொத்தப் பயணம் எத்தனை மணி நேரம் என்பதைவிட இந்த எண்ணிக்கைதான் ஆளைக் களைக்க வைக்கிறது. மூன்று மணி நேரம் ஒரே வண்டியில் உட்காரலாம். அதே மூன்று மணி நேரத்தில் நான்கு வண்டி மாறினால் கணவன் மனைவி பேச்சுவார்த்தை நின்றுவிடும்.

அடுத்தது தண்ணீர் ஏறி வற்றும் அளவு. இதை யாரும் கேட்பதில்லை. அந்தமானிலும் லங்காவியிலும் கடல் ஒரே நாளில் இரண்டு மீட்டர் வரைகூட ஏறி இறங்கும் நாட்கள் உண்டு. காலையில் குழந்தை விளையாடிய இடம் மதியம் பவளப் பாறையும் சேறுமாகக் கிடக்கும். மாலத்தீவில் சுமார் ஒரு மீட்டர், இலங்கையில் அதற்கும் குறைவு. அந்த இரண்டு இடங்களிலும் எந்த நேரத்தில் போனாலும் கடல் ஏறக்குறைய விட்ட இடத்திலேயே இருக்கும். குழந்தை தூங்கி எழும் நேரம் நம் கையில் இல்லையே, அதனால் இது பெரிய விஷயம்.

மூன்றாவது, அறைக்கும் மணலுக்கும் நடுவே உள்ள தூரம். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை குழந்தை தூங்கும். வெயிலும் அந்த நேரத்தில்தான் கொல்லும். அறை பக்கத்தில் இருந்தால் ஒருவர் குழந்தையோடு படுக்கலாம், இன்னொருவர் கடலில் இறங்கலாம். அறையிலிருந்து கடற்கரைக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும் என்றால் அன்றைய பாதி நாள் போயிற்று.

இதற்கப்புறம்தான் சாப்பாடு, டாக்டர், பணம்.

பொறுமை இல்லாதவர்களுக்கு முதலில் அட்டவணை:

| | அந்தமான் | மாலத்தீவு | இலங்கை | லங்காவி |
|---|---|---|---|---|
| வண்டி மாற்றம் (ஒரு வழி) | 5 | படகு ரிசார்ட் 3, கடல் விமானம் 5 | 3 | 4 |
| விமான நேரம் | 2 மணிக்குச் சற்று மேல் | சுமார் 2 மணி | ஒன்றரை மணிக்குள் | 4 + 1 மணி |
| கடல் | இடத்துக்கு இடம் மாறும், வற்றும் | அமைதியான ஆழமில்லாத நீர் | கிழக்கே பாசிக்குடாவில் அமைதி, தென்மேற்கில் அலை | அமைதி, ஆனால் வற்றும் |
| நல்ல மாதங்கள் | டிசம்பர்–ஏப்ரல் | ஜனவரி–ஏப்ரல் | தென்மேற்கு: டிசம்பர்–மார்ச், கிழக்கு: மே–செப்டம்பர் | டிசம்பர்–மார்ச் |
| பாஸ்போர்ட் | வேண்டாம் | வேண்டும் | வேண்டும் | வேண்டும் |
| குழந்தைச் சாப்பாடு | எளிது | ரிசார்ட்டைப் பொறுத்தது | மிக எளிது | எளிது |
| எதிர்பாராத செலவு | கூடுதல் இரவுகள், கப்பல் | வரி, படகு, மதியச் சாப்பாடு | சுற்றிப் பார்க்கும் ஆசை | நடுவில் ஒரு இரவு |

லட்சத்தீவை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், கொச்சி போய் ஏற வேண்டும், தங்கும் இடங்களும் குறைவு. இந்த வயதுக் குழந்தையோடு அவ்வளவு ஏற்பாடு வேண்டாம். பாலியும் மொரீஷியஸும் தூரம்.

## அந்தமான்

சென்னைக்காரர்களுக்கு மனத்தளவில் இதுதான் பக்கம். போர்ட் பிளேரில் (2024-லிருந்து அதன் பெயர் ஸ்ரீ விஜய புரம், ஆட்டோக்காரர் உட்பட யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்கவில்லை) இறங்கி நாலு அடி வைத்தால் தமிழ் காதில் விழும். இட்லி கிடைக்கும், ரசம் கிடைக்கும், முருகன் கோயில் இருக்கிறது. மருந்துக் கடையில் குழந்தைக்கு என்ன என்பதை நம் மொழியிலேயே சொல்லலாம். ரூபாய்தான் செலவு, பாஸ்போர்ட் வேலை இல்லை. இவ்வளவும் சேர்ந்து, முதல் தடவை குழந்தையோடு கிளம்புகிறவர்களுக்கு ஒரு தைரியத்தைக் கொடுக்கும்.

ஆனால் நீங்கள் போஸ்டரில் பார்த்த கடற்கரை போர்ட் பிளேரில் இல்லை. அது ஹேவ்லாக்கிலோ நீலிலோ இருக்கிறது. 2018 டிசம்பரில் இந்தத் தீவுகளுக்கு ஸ்வராஜ் தீவு, ஷாஹீத் தீவு என்று பெயர் மாற்றினார்கள். வீட்டிலிருந்து டாக்ஸி, விமானம், போர்ட் பிளேரில் இன்னொரு டாக்ஸி, கப்பல், இறங்கியதும் ஜீப்போ ஆட்டோவோ: மொத்தம் ஐந்து. விமானம் வரும் நேரமும் கப்பல் கிளம்பும் நேரமும் ஒத்துவராவிட்டால் நடுவில் ஒரு இரவு போர்ட் பிளேரில் தங்க வேண்டும். திரும்பும்போதும் அதே கதை. ஆறு நாள் பயணத்தில் இரண்டு இரவு இப்படியே போகும். பேக்கேஜ் விற்கிறவர்கள் இதைச் செலவு என்று காட்டாமல் "சிட்டி டூர்" என்று பெயர் வைத்து விற்பார்கள்.

கப்பலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்றரை மணியிலிருந்து இரண்டரை மணி நேரம். தனியார் கப்பல்கள் சிலவற்றில் மேல்தளத்துக்குப் போக விடுவதில்லை. ஏசி அறையில், மூடிய கண்ணாடிக்குப் பின்னால் உட்கார வேண்டும். நாங்கள் போனது ஜனவரி, கடல் அமைதி என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அமைதிதான். ஆனால் கிளம்புவதற்கு முன் பாவம் குழந்தை பசிக்குமே என்று நான் ஒரு டம்ளர் பாலும் வாழைப்பழமும் கொடுத்திருந்தேன். நாற்பதாவது நிமிடத்தில் இரண்டும் என் தோளில் இறங்கின. மாற்று உடை கீழே பெட்டியில், பெட்டி எங்கேயோ அடியில். பக்கத்து இருக்கை அம்மா ஒருவர் தன் துப்பட்டாவைக் கொடுத்தார். அதைச் சுற்றிக்கொண்டுதான் ஹேவ்லாக்கில் இறங்கினேன். குழந்தைக்கும் உங்களுக்கும் ஒரு செட் துணி கைப்பையில் இருக்கட்டும். ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். வாந்தி மருந்தை உங்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த வயதுக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது.

தீவுக்குப் போய்ச் சேர்ந்தபின் எந்தத் தீவு என்பதும் கேள்விதான். எல்லாரும் ஹேவ்லாக் என்பார்கள். ராதாநகர் கடற்கரை நிஜமாகவே பெரிய அகலமான மணல், ஆனால் பெரும்பாலான விடுதிகள் தீவின் மறுபக்கத்தில், வண்டி பிடித்துத்தான் போக வேண்டும். அலையும் சில நாட்களில் குழந்தையின் காலை வாரும். என் ஓட்டு நீல் தீவுக்கு. கப்பல் நிற்கும் இடத்துக்கு ஒட்டியே பரத்பூர் கடற்கரை. தண்ணீர் ஏறியிருக்கும் நேரத்தில் முழங்கால் ஆழத்துக்குத் தெளிவாக, குளம்போல இருக்கும். வற்றினால் செத்த பவளம் காலைக் கிழிக்கும். குழந்தைக்கு ரப்பர் செருப்பு அவசியம். விடுதிக்காரரிடம் அன்றைக்குத் தண்ணீர் ஏறும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், தினமும் அது தள்ளிப்போகும். தீவு சின்னது, பாதி விவசாய நிலம். கத்தரிக்காயும் கீரையும் தோட்டத்திலிருந்து நேராக வரும். குழந்தைக்குப் பருப்பும் காயும் குழைய வேகவைத்துத் தரச் சொன்னால் யாரும் முகம் சுளிக்கவில்லை.

இன்னொன்று. அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் நம்முடையது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் விழுந்துவிடும், கோடையில் காலை ஐந்துக்கே வெளிச்சம். தேனிலவு ஜோடிகள் இதற்கு அலுத்துக்கொள்வார்கள். ஐந்தரைக்கு எழுந்து "வெளிய, வெளிய" என்று கதவைத் தட்டும் குழந்தை இருக்கிற வீட்டுக்கு இது வரம். ஆறு மணிக்கு இளவெயிலில் கடற்கரை முழுக்க எங்களுக்கு மட்டும் இருந்தது. ஏழு மணிக்குக் குழந்தை தூங்கிவிட்டது.

கவனிக்க வேண்டியவை: மணல் ஈ கடித்தால் அன்றைக்குத் தெரியாது, மறுநாள் கொப்பளமாக நிற்கும், முழுக்கால் உடை போடுங்கள். உப்புநீர் முதலைகள் உள்ள ஊர், எச்சரிக்கைப் பலகை வைத்த இடத்திலும் ஓடை கடலில் சேரும் இடத்திலும் இறங்காதீர்கள். சிப்பி, பவளத் துண்டு எதையும் கொண்டுவரக் கூடாது. என் மகளின் கவுன் பாக்கெட்டிலிருந்து மூன்று சிப்பிகளை விமான நிலையத்தில் எடுத்து வைத்துவிட்டு அவள் அழுததை அரை மணி நேரம் சமாளித்தோம். பெரிய ஆஸ்பத்திரி என்றால் போர்ட் பிளேரில் உள்ள ஜி.பி. பந்த், சின்னத் தீவுகளில் இருப்பவை அடிப்படை மருத்துவ வசதிகளே. நடுராத்திரி காய்ச்சல் வந்தால் நடுவில் கடல் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

யாருக்கு இது சரி: பாஸ்போர்ட் இல்லாதவர்கள், வெளிநாட்டுச் செலவு வேண்டாம் என்பவர்கள், டிசம்பரிலிருந்து ஏப்ரலுக்குள் ஐந்து நாளாவது விடுப்பு கிடைப்பவர்கள். போனால் ஒரே ஒரு தீவு. "ஹேவ்லாக் இரண்டு இரவு, நீல் ஒரு இரவு" என்று யாராவது திட்டம் கொடுத்தால் மூன்று கப்பல், மூன்று அறை, மூன்று தடவை பெட்டி கட்டுவது என்று அர்த்தம்.

## மாலத்தீவு

பணக்காரர்கள் போகும் இடம், தேனிலவுக்குப் போகும் இடம் என்று இதை ஒதுக்கிவிடுகிறோம். குழந்தை வைத்திருப்பவர்களுக்காகவே கட்டியதுபோல் இருக்கிறது என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஒரு ரிசார்ட் என்றால் ஒரு தீவு. சாலை இல்லை, லாரி இல்லை, பார்க்க வேண்டிய கோயிலோ கோட்டையோ இல்லை. கிளம்ப வேண்டிய அவசியமே இல்லாத ஊர். சும்மா இருக்கத்தான் போகிறோம் என்றால் இதைவிடச் சும்மா இருக்க இடம் கிடையாது.

தலைநகர் மாலேயின் விமான நிலையமே ஒரு தீவில்தான் இருக்கிறது. வருகைக் கூடத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே படகுத் துறை. டாக்ஸி, விமானம், படகு, மணல். இந்த மூன்றே மூன்று மாற்றம்தான் இதன் பெரிய பலம். ஆனால் இது படகில் போகும் தூரத்தில் உள்ள ரிசார்ட்டுகளுக்கு மட்டும் பொருந்தும். வடக்கு மாலே, தெற்கு மாலே பவளத்திட்டுகளில் இருப்பவை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். தூரத்தில் உள்ளவற்றுக்குக் கடல் விமானம். அது பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். மதியத்துக்குப் பிறகு மாலே வந்தால் அன்றைக்குப் போய்ச் சேர முடியாமல் ஒரு இரவு அங்கேயே தங்க நேரலாம். கட்டணம் ஆளுக்குப் பல நூறு டாலர். உள்ளே சத்தமும் அதிகம். குழந்தையோடு போனால் கடல் விமானம் உள்ள ரிசார்ட்டை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் தவிர்த்துவிடுங்கள் என்பேன். சென்னையிலிருந்து நேரடி விமானம் உங்கள் தேதிக்கு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கொழும்பிலோ கொச்சியிலோ பெங்களூருவிலோ மாறிப் போவதானால் மூன்று என்பது நான்காகிவிடும்.

அப்புறம் வில்லா. தண்ணீருக்கு மேல் கட்டிய வீட்டின் படத்தைப் பார்த்துத்தான் எல்லாரும் மயங்குகிறோம். நடை பழகும் குழந்தைக்கு அது நான்கு பக்கமும் திறந்த கிணறு. பல ரிசார்ட்டுகளில் சின்னக் குழந்தை இருந்தால் அதைத் தருவதே இல்லை. கடற்கரை வில்லா எடுங்கள், விலையும் பெரும்பாலும் குறைவு. அதிலும் தனிக் குட்டி நீச்சல் குளம் உள்ளதை வேண்டாம் என்று சொல்லுங்கள். எங்களுக்கு "இலவசமாக உயர்த்தித் தருகிறோம்" என்று குளம் வைத்த வில்லாவைக் கொடுத்தார்கள். மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டோம். கண்ணாடிக் கதவின் தாழ்ப்பாள் அவள் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. முதல் நாள் முழுவதும் ஒருவர் மாற்றி ஒருவர் கதவைக் காவல் காத்தோம். மறுநாள் காலை வரவேற்பறையில் போய், குளம் இல்லாத சாதா வில்லாவையே கொடுங்கள் என்று கேட்டு மாறினோம். அங்கே அறை வாசலிலிருந்து மணலுக்கு எட்டு அடி. வாசலில் கால் கழுவ ஒரு சின்னக் குழாய். நான்கு நாளும் என் மகளுக்கு மாலத்தீவு என்றால் அந்தக் குழாய்தான்.

பணக் கணக்கை இங்கேதான் உட்கார்ந்து போட வேண்டும். இணையத்தில் பார்க்கும் அறை வாடகையோடு முடிவதில்லை. 2025 ஜூலையிலிருந்து சுற்றுலாச் சேவைகளுக்கான வரி 17 சதவீதம். அதற்கு முன்பே 10 சதவீதம் சேவைக் கட்டணம் ஏறியிருக்கும். மெனுவில் 100 டாலர் என்று போட்டிருந்தால் நீங்கள் கொடுப்பது கிட்டத்தட்ட 129. இதுபோக, பசுமை வரி என்று ரிசார்ட்டுகளில் ஆளுக்கு ஒரு இரவுக்கு 12 டாலர், உள்ளூர் மக்கள் வாழும் ஊர்த்தீவுகளில் உள்ள சிறு விடுதிகளில் 6 டாலர். இரண்டு வயதுக்குக் கீழே இந்த வரி இல்லை. இரண்டு பெரியவர்கள் நான்கு இரவு ரிசார்ட்டில் தங்கினால் இந்த வரி மட்டும் 96 டாலர். காலை, இரவு உணவு மட்டும் சேர்ந்த திட்டம் மலிவாகத் தெரியும். மதியம் பக்கத்துத் தெருவில் மெஸ் இருக்காது, ரிசார்ட் ஓட்டலில்தான் சாப்பிட வேண்டும். மூன்று வேளையும் சேர்ந்த திட்டமே கடைசியில் லாபம். பால் பவுடர், டயபர் எல்லாம் ஊரிலிருந்தே எண்ணிக் கொண்டுபோங்கள். நீச்சல் டயபர் தனியாக வாங்குங்கள். சாதா டயபர் கடல் தண்ணீரைக் குடித்து ஊதி முழங்கால் வரை தொங்கும், நான் பார்த்திருக்கிறேன்.

செலவு குறைய ஒரு வழி, மாஃபுஷி மாதிரி ஊர்த்தீவுகளில் விருந்தினர் விடுதி எடுப்பது. படகும் மலிவு, கடையும் உண்டு. ஆனால் குளிக்கும் கடற்கரை தனியே ஒதுக்கியிருப்பார்கள், அங்கே நடந்து போக வேண்டும். உடுத்துவதில் ஊர் வழக்கத்தை மதிக்க வேண்டும். எட்டு அடியில் மணல் என்ற சுகம் போய்விடுகிறது. அதுதான் மாலத்தீவின் உயிர் என்பதால் பாதி விலைக்குப் பாதிப் பலன்.

சாப்பாட்டுக்கு, காலையில் ரோஷி என்று நம் சப்பாத்தி மாதிரி ஒன்று கிடைக்கும், குழந்தை அதையே கடித்துக்கொண்டு திரியும். சாதமும் தயிரும் பஃபேயில் பெரும்பாலும் இருக்கும். முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுவிடுவது நல்லது. இந்தியர்களுக்கு இறங்கியதும் இலவச விசா. டாக்டர் ரிசார்ட்டிலேயோ பக்கத்துத் தீவிலேயோ இருப்பார். பெரிய ஆஸ்பத்திரிகள் மாலேயிலும் ஹுல்ஹுமாலேயிலும் உள்ளன. படகு தூரத்து ரிசார்ட்டை நான் வற்புறுத்துவதற்கு இதுவும் காரணம். ஒரு சின்ன வேடிக்கை: மாலேயின் நேரம் நமக்கு அரை மணி பின்னால், ஆனால் பல ரிசார்ட்டுகள் தங்களுக்கென்று ஒரு மணி நேரம் முன்னே வைத்துக்கொள்ளும். திரும்பும் படகு நேரத்தை எந்தக் கடிகாரப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

யாருக்கு இது சரி: நான்கே நாள் விடுப்பு, ஓரளவு பணம், எங்கேயும் போக வேண்டாம் என்ற மனநிலை, மூன்றும் இருப்பவர்களுக்கு. வீட்டுப் பெரியவர்களும் வருகிறார்கள் என்றால் இரண்டாவது வில்லாவுக்கும் அதே விலை என்பதையும், இரண்டாம் நாளே "இங்கே பார்க்க ஒண்ணும் இல்லையாப்பா?" என்று கேள்வி வரும் என்பதையும் எதிர்பாருங்கள்.

## இலங்கை

தீவு விடுமுறை என்றதும் இலங்கையை யாரும் நினைப்பதில்லை, அவ்வளவு பெரிய தீவு. ஆனால் விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள், கடிகாரம் மாற்ற வேண்டாம், மாற்றம் மூன்றுதான். விசா அனுமதியை இணையத்தில் முன்பே எடுத்துவிட வேண்டும். கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவில் இறங்கி வேன் ஏறினால் பெந்தோட்டைக்கு அதிவேக நெடுஞ்சாலை வழியாக இரண்டு மணி நேரம் போலத்தான் ஆகும். இன்னும் கொஞ்சம் தெற்கே ஹிக்கடுவையில் பவளத் திட்டுக்கு உள்ளே தண்ணீர் ஆழமில்லாமல் நிற்கும், கடலாமைகள் கரை ஓரம் வரை வரும். இந்தப் பக்கம் டிசம்பரிலிருந்து மார்ச் வரைதான். மே மாதம் போனால் சிவப்புக் கொடியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இலங்கையைப் பட்டியலில் நான் வைத்திருப்பதற்கு உண்மையான காரணம் வேறு. மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வீட்டுக்கு லீவு மே மாதம்தான். அந்த மாதத்தில் அந்தமானில் பருவமழை தொடங்கிவிடும், மாலத்தீவிலும் மழைக்காலம். அப்போது வெயிலும் அமைதியான கடலும் கிடைப்பது இலங்கையின் கிழக்குக் கரையில்: உப்புவெளி, நிலாவெளி, பாசிக்குடா. மூன்றிலும் பாசிக்குடாதான் குழந்தைக்கு. வளைந்த விரிகுடா, அலை கரைக்கு வருவதே இல்லை. நூறு மீட்டர் நடந்து போனாலும் பெரியவர்களுக்கு இடுப்பளவுதான். என் மகள் முதன்முதலில் என் கையை விட்டுத் தண்ணீரில் தானாக நின்றது அங்கேதான்.

விலை என்ன என்றால் சாலை. விமான நிலையத்திலிருந்து ஐந்தாறு மணி நேரம். ஹபரணையில் நிறுத்திக் குழந்தையை ஓடவிட்டோம். வாழைச்சேனைப் பக்கம் ஒரு சின்னக் கடையில் இடியப்பமும் பால் சொதியும் கேட்டபோது, கடைக்காரர் மகளைப் பார்த்து, "பிள்ளைக்கு உறைப்பு இல்லாமத் தரட்டா?" என்றார். ஐந்து இடியப்பம் சாப்பிட்டாள். வீட்டில் அரை இட்லிக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறவள். கிழக்கில் பேச்சு பெரும்பாலும் தமிழ்தான். குழந்தைக்கு எது ஆகாது என்று விளக்க ஒரு நிமிடம் போதும்.

வேனில் குழந்தை இருக்கை வேண்டும் என்று முன்பதிவிலேயே எழுதி வாங்குங்கள், மடியில் வைத்துப் போகும் தூரமில்லை இது. டாக்டர் விஷயத்தில் இலங்கை மற்ற மூன்றைவிட நிம்மதி: தரை வழியாகவே மட்டக்களப்பு போதனா மருத்துவமனைக்கோ, தென்மேற்கில் இருந்தால் கொழும்புக்கோ போய்விடலாம். கொழும்பில் குழந்தைகளுக்கென்றே லேடி ரிட்ஜ்வே மருத்துவமனை இருக்கிறது. மலேரியா இல்லாத நாடு என்று 2016-ல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. டெங்கு உண்டு, கொசுவலையும் களிம்பும் வேண்டும்.

எதிர்பாராத செலவு இங்கே நம் ஆசைதான். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், சிகிரியா வழியில்தானே, கண்டி பக்கம்தானே, நுவரெலியா குளிருமாமே என்று தொடங்கினால் நான்கு நாளும் வேனிலேயே கழியும். ஓட்டுநரும் உற்சாகப்படுத்துவார். கூட வரும் பெரியவர்களுக்கு ஆசை இருந்தால், திரும்பும் வழியில் ஒரே ஒரு இடம் என்று கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கில் தங்கினால் திருகோணமலையில் கோணேஸ்வரம் போதும்.

யாருக்கு இது சரி: மே, ஜூன் மாதத்தில்தான் போக முடியும் என்பவர்களுக்குக் கிழக்கு; சாப்பாட்டில் பிடிவாதக் குழந்தைக்கு இரண்டு பக்கமும்.

## லங்காவி

சுருக்கமாக முடிக்கிறேன். கோலாலம்பூருக்கு நான்கு மணி நேரம், அங்கே குடியேற்ற வரிசை, பிறகு இன்னொரு விமானம் ஒரு மணி நேரம். சென்னையிலிருந்து பெரும்பாலும் இரவு விமானம் என்பதால் குழந்தை தூங்கும் என்று நம்பிக்கை வரும், தரையிறங்கும்போது எழுந்துவிடும். அலுப்புத் தீர நடுவில் ஒரு இரவு கோலாலம்பூரில் தங்குகிறவர்கள்தான் அதிகம். அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். குழந்தை நம் கணக்கில் ஆறரைக்கு எழுந்தால் அங்கே ஒன்பது. காலை உணவு நேரம் தப்பாது, இரவு மட்டும் பதினொன்றுக்குத்தான் தூங்கும்.

நல்லது என்னவென்றால் அது நிஜமான ஊர். சூப்பர் மார்க்கெட், டயபர், மருந்துக்கடை, செயலியில் டாக்ஸி, ரொட்டி சனாயும் (அந்த ஊர்ப் பரோட்டா) பருப்பும் விற்கும் மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் உணவகம்), தமிழ் பேசும் மனிதர்கள், சுல்தானா மலிஹா ஆஸ்பத்திரி எல்லாம் தீவுக்குள்ளேயே உண்டு. மழை பெய்தால் சேனாங் கடற்கரையில் மீன் காட்சியகம், மலைமேல் கேபிள் கார் என்று போக்கிடமும் உண்டு. ஜெல்லி மீன் நடமாட்டம் உள்ள கடல்; உடம்பை மூடும் நீச்சல் உடை போடுங்கள். பால்கனியில் பிஸ்கட்டை வைத்தால் குரங்கு எடுத்துக்கொண்டு போகும். வாடகைக் கார் எடுத்தால் குழந்தை இருக்கை கட்டாயம், 2020 முதல் அங்கே சட்டம். அறைக்கு ஒரு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனி. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்று ஆக்கினார்கள். டிக்கெட் போடும் முன் அந்தச் சலுகை தொடர்கிறதா என்று பாருங்கள்.

யாருக்கு இது சரி: குழந்தைக்கு இரண்டரை வயது தாண்டியிருந்து, ஒரு வாரத்துக்குக் குறையாமல் விடுப்பும் இருந்தால். கோலாலம்பூரில் சொந்தக்காரர்கள் இருந்தால் இன்னும் நல்லது. நான்கு நாளுக்கு இது கட்டுப்படியாகாது.

## தம்பிக்கு நான் சொன்னது

அவன் கணக்கு இப்படி: பையனுக்கு இருபது மாதம், பிப்ரவரியில் போகலாம், ஐந்து நாள் விடுப்பு, மாமியாருக்கு முழங்கால் வலி. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இல்லை, அதனால் லீவுக் கூட்டத்தில் சிக்க வேண்டாம், வார நாட்களில் போனால் விலையும் குறையும். மாலத்தீவுதான் முதல் யோசனையாக இருந்தது. இரண்டு வில்லா கணக்குப் போட்டதும் அவனே விட்டுவிட்டான். பெந்தோட்டை நல்ல தேர்வு, ஆனால் மாமியாரிடம் பாஸ்போர்ட் இல்லை, அவன் கிளம்ப நினைத்த தேதிக்குள் வருமா என்பது சந்தேகம். ஆகவே நீல் தீவு, கப்பல் துறைக்குப் பக்கத்தில் தரைத்தள அறை, மூன்று இரவும் அங்கேயே. காலை விமானமாகப் பார்த்து அன்றைக்கே மதியக் கப்பலில் போய்விடுவது, திரும்பும்போது மட்டும் ஒரு இரவு போர்ட் பிளேரில் தங்குவது. முழங்கால் வலிக்காக, கப்பலில் ஏறும் பலகையில் கைபிடிக்க ஒருவர் கூடவே இருக்கட்டும் என்றேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "இவன் தூளி இல்லாம தூங்கவே மாட்டானே அக்கா, அங்க தூளி கட்ட உத்திரம் இருக்குமா?" எனக்கே தோன்றாத அளவுகோல். என் மகளுக்கும் அப்போது இதே பிரச்சினைதான்; ஓட்டல் தொட்டிலில் போட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள், இரண்டு இரவு மாறி மாறித் தோளில் போட்டு நடந்தோம். அந்த விடுதிக்கே போன் போட்டுக் கேட்டேன். எடுத்தவர் தமிழ்க்காரர்தான். அறையில் ஃபேன் கொக்கி மட்டும்தான், அதில் கட்ட விடமாட்டோம் என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாசல்ல பெரிய பாதாம் மரம் இருக்கும்மா, கிளை நல்லா தாழ்வா வரும். ஒரு பழைய காட்டன் புடவை மட்டும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றார்.